ஏர் பிஸ்டலைக் கைக்கேற்ப அமைத்துக்கொள்வது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சியில் சேருபவர்கள் சில மாதங்கள் கிளப் துப்பாக்கியில் சுட்டுப் பழகிய பிறகு சொந்தமாக ஒன்றை வாங்குவார்கள். வாங்கிய உடனே, வேறு கைப்பிடி போடலாமா, டிரிக்கரை மாற்றலாமா, குழலுக்கடியில் எடை சேர்க்கலாமா என்ற கேள்விகளும் வந்துவிடும். மாற்றலாம், ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கைப்பிடி, அடுத்து டிரிக்கர், அதற்கடுத்து சைட் (குறி பார்க்க முன்னும் பின்னும் இருக்கும் பாகங்கள்), கடைசியில் எடை. இந்த வரிசை கலைந்தால் ஒவ்வொரு மாற்றமும் முந்தைய மாற்றத்தைக் கெடுத்துவிடும். கைப்பிடி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே டிரிக்கரில் விரல் படும் இடம் மாறுகிறது. விரல் படும் இடம் மாறினால் சைட்டைத் திருப்பி வைத்த கணக்கும் பொய்யாகிறது. இணையத்தில் விற்கும் உதிரிபாகங்களைப் பார்த்துவிட்டுச் சைட்டிலிருந்தும் எடையிலிருந்தும் தொடங்குபவர்கள்தான் அதிகம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கே எழுதுவது முழுவதும் 4.5 மில்லிமீட்டர் போட்டி ஏர் பிஸ்டலுக்கு மட்டுமே பொருந்தும். இந்தியாவில் குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு மேற்படாமலும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் போகும்; அதன் ஆற்றல் 6 ஜூல் அளவில்தான் இருக்கும். வெடிமருந்தால் இயங்கும் துப்பாக்கி முற்றிலும் வேறு விஷயம். அதைப் பழுது பார்க்கவும் மாற்றியமைக்கவும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி தனி உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. ஏர் பிஸ்டலிலும் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் வால்வையும் வீட்டில் திறக்கக் கூடாது. வேகத்தைக் கூட்டுவதால் 10 மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளிகூட அதிகம் கிடைக்காது.

தொடங்குவதற்கு முன்

திருகாணியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியவை சில உண்டு. குழலை ஆளில்லாத பக்கம், உறுதியான தடுப்பை நோக்கித் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். பெல்லட் (ஈயக் குண்டு) போடும் இடத்தைத் திறந்து, கண்ணால் பார்த்து, அங்கே எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு காற்று அடைத்த சிலிண்டரைக் கழற்ற வேண்டும். சிலிண்டர் போனதும் துப்பாக்கி செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்: ரெகுலேட்டருக்குள் தங்கியிருக்கும் காற்று ஒரு குண்டைத் தள்ளப் போதுமானது. எனவே பெல்லட் இல்லாமல் தடுப்பை நோக்கி ஓரிரு முறை சுட்டு அந்தக் காற்றையும் வெளியேற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். வேலைக்கு நடுவே எழுந்து போக நேர்ந்தால் குழலுக்குள் குண்டு இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகிவிட்டுப் போங்கள்.

கையேட்டைத் திறந்து, தொழிற்சாலையில் எந்தத் திருகாணி எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வதும் அவசியம். ஒரு நோட்டில் தேதி போட்டு, எதை எவ்வளவு திருப்பினோம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யாதீர்கள். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால், நன்மையோ தீமையோ எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

கைப்பிடி

பணம், நேரம், பொறுமை மூன்றையும் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான். ஸ்டெயர், மோரினி, வால்தர், பார்டினி, ஃபைன்வெர்க்பாவ் ஆகியவற்றில் எதை வாங்கினாலும் குழல் சுடும் துல்லியத்தில் புதியவர் உணரக்கூடிய வேறுபாடு இருக்காது. ஆனால் பொருந்தாத கைப்பிடி ஒவ்வொரு குண்டிலும் தன் வேலையைக் காட்டும்.

முதலில் அளவு. கைப்பிடிகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்ற அளவுகளிலும், வலக்கை, இடக்கை என்று தனித்தனியாகவும் வருகின்றன. பெரிய பிடியை வாங்கிச் சிறிதாக்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. மரத்தைச் சீவிக் கனத்தைக் குறைக்கலாம். டிரிக்கருக்கும் உள்ளங்கையின் பின்பகுதிக்கும் உள்ள தூரத்தைச் சீவிக் குறைப்பது எளிதல்ல. எனவே பிடித்த நிலையில் ஆள்காட்டி விரல் டிரிக்கரை எட்டும் விதத்தைப் பார்த்தே அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரலின் முதல் கணுவின் நடுச்சதை டிரிக்கரில் பட வேண்டும். விரலின் மற்றப் பகுதி மரத்தைத் தொடாமல், இடையே ஒரு தாள் நுழையும் அளவுக்காவது இடைவெளி இருக்க வேண்டும். விரல் மரத்தில் உரசினால் டிரிக்கரை இழுக்கும்போது குழலும் சேர்ந்து பக்கவாட்டில் நகரும்.

ஜெர்மனியின் ரிங்க் போலக் கைப்பிடிகளை மட்டும் செய்யும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். தாளில் கையை வைத்து வரைந்து அனுப்பினால் அந்த வடிவத்துக்குப் பொருந்தும் பிடியைச் செய்து தருபவர்களும் உண்டு. அதைப் பற்றி யோசிக்கும் முன், துப்பாக்கியோடு வந்த பிடியைப் பொருத்திப் பார்க்க முயல வேண்டும் என்பதே என் கருத்து. உங்கள் கை என்ன கேட்கிறது என்று தெரியாமல் வாங்கும் விலையுயர்ந்த பிடியும் வெறும் மரக்கட்டைதான்.

பிடிக்கும் முறையை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இடக்கையால் குழலைப் பிடித்துக்கொண்டு, வலக்கையின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டையைப் பிடியின் மேல்வளைவுக்குள் எவ்வளவு உயரமாகச் செலுத்த முடியுமோ அவ்வளவு செலுத்த வேண்டும். பிறகு நடுவிரலும் மோதிர விரலும் நேராகப் பின்னோக்கி அழுத்த, சுண்டு விரலும் கட்டை விரலும் அழுத்தமில்லாமல் ஓய்ந்திருக்க வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதி கீழே உள்ள தாங்குதட்டில் மெதுவாக அமர்ந்தால் போதும். தாங்குதட்டை மேலே தள்ளி, கையை இறுக்கி நெரிக்கும்படி வைப்பது புதியவர்கள் பலர் விரும்பிச் செய்யும் அமைப்பு. முதல் பத்துக் குண்டுகளில் அது திடமாகத் தோன்றும். நாற்பதாவது குண்டில் கை மரத்து, நடுக்கம் தொடங்கிவிடும். போட்டியில் 60 குண்டுகளை 75 நிமிடங்களில் சுட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இப்போது கோணத்தைச் சரிபார்க்கும் முக்கியமான சோதனை. சுடும் நிலையில் நின்று, துப்பாக்கியைச் சரியாகப் பிடித்து, கண்களை மூடிக்கொண்டு கையை இலக்கின் உயரத்துக்குத் தூக்குங்கள். மணிக்கட்டை இறுக்கிப் பூட்டிய பிறகு கண்ணைத் திறந்து, எதையும் திருத்தாமல், முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு முறை பார்த்தது போதாது. இருபது முறையாவது செய்து, பெரும்பாலும் எப்படி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன் சைட் வலப்பக்கம் ஒட்டி நின்றால் குழல் இடப்பக்கம் வரும்படி பிடியைத் திருப்ப வேண்டும். முன் சைட் பள்ளத்துக்குள் அமிழ்ந்து தெரிந்தால் குழல் நுனி உயரும்படி பிடியின் சாய்வை மாற்ற வேண்டும். ஸ்டெயர், வால்தர் போன்றவற்றின் பல மாடல்களில் பிடி சட்டகத்தோடு சேரும் இடத்தில் இதற்கான திருகாணிகள் இருக்கின்றன. அவை இல்லாத துப்பாக்கியில் மரத்தையே திருத்த வேண்டியிருக்கும். மணிக்கட்டை வளைத்தோ தலையைச் சாய்த்தோ இதைச் சமாளிக்கப் பழகுவது தவறு. களைப்பு வந்ததும் உடல் தன் இயல்பான நிலைக்கே திரும்பிவிடும்.

மரத்தைத் திருத்தும் வேலை

கை எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பதை ஊகிக்காதீர்கள். வண்ணச் சாக்குக்கட்டியைப் பொடித்து உள்ளங்கையில் மெல்லப் பூசி, துப்பாக்கியைப் பிடித்து ஒரு நிமிடம் தூக்கி நின்றுவிட்டு, கையை இழுக்காமல் விரித்து எடுங்கள். நிறம் அழுத்தமாக ஒட்டிய இடங்களில் மரம் மிகுதியாக இருக்கிறது; நிறமே படாத இடங்களில் மரம் குறைவாக இருக்கிறது. பெரும்பாலான கைகளுக்கு உள்ளங்கையின் நடுக்குழியில் இடைவெளி இருப்பதையும், கட்டை விரலின் அடிமேட்டில் அழுத்தம் கூடியிருப்பதையும் இப்படிக் காணலாம்.

இடைவெளியை நிரப்ப, பிளம்பர்கள் பயன்படுத்தும் எம்-சீல் போன்ற எபாக்சி மாவு போதும். மரத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைத்து, கையுறை போட்டுக்கொண்டு மாவைப் பிசைந்து, தேவையான இடத்தில் மெல்லிய அடுக்காக வைக்க வேண்டும். அதன் மேல் சமையலறையில் உணவை மூடப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, துப்பாக்கியை உண்மையான சுடும் நிலையில் பிடித்துத் தூக்குங்கள். மேசை முன் உட்கார்ந்துகொண்டு பிடித்தால் கை வேறு வடிவத்தில் இருக்கும். அந்த வடிவம்தான் மாவிலும் பதியும். பதிவு கிடைத்ததும் கையை எடுத்து, ஓர் இரவு முழுவதும் காயவிட வேண்டும். மறுநாள் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மரத்தோடு சமன் செய்யலாம்.

குறைக்க வேண்டிய இடத்தில் முதலில் அரை வட்ட அரம், பிறகு உப்புத்தாள். அரம் போடுவதற்கு முன் பிடியைச் சட்டகத்திலிருந்து கழற்றிவிடுங்கள். மரத்தூள் டிரிக்கர் பொறிக்குள் போகக் கூடாது. கால் மில்லிமீட்டர் சீவிவிட்டு, மீண்டும் பொருத்தி, கண்மூடித் தூக்கும் சோதனையைச் செய்து, பிறகே அடுத்த சீவல். மின் அரவை இயந்திரத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது ஒரு நொடியில் எடுக்கும் மரத்தைத் திரும்ப வைக்க ஒரு வாரம் ஆகும்.

நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். குளிர்ந்த காலை வேளையில் கச்சிதமாகப் பொருந்திய பிடி, ஏசி இல்லாத அரங்கில் மதியம் இறுகும். வெப்பத்தில் கை சற்று வீங்குவதே காரணம். அதனால் அரை மணி நேரமாவது பயிற்சி செய்த கையோடு அளவு பாருங்கள். வார்னிஷ் பூசிய பிடி வியர்வையில் வழுக்கும். மரத்தை வெறுமையாக விடுவதோ, ஆளி விதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தேய்த்து முழுதாகக் காயவிடுவதோ மேலானது.

விதிகளின் எல்லையும் இங்கேதான் அதிகம் உறுத்தும். சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி, பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாண்டிக் கையைத் தொடக் கூடாது. தாங்குதட்டு பிடியோடு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும். அது மேல்நோக்கி வளைந்து கையைச் சுற்றிக்கொள்ளவும் கூடாது. கட்டை விரல் தடையில்லாமல் மேலே எழும்பும்படி இருக்க வேண்டும். மாவு வைத்து நிரப்பும் ஆர்வத்தில் கையை உறைபோல் மூடும் பிடியைச் செய்துவிட்டால், அதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்.

டிரிக்கர்

கைப்பிடி அமைந்து, இரண்டு மூன்று வாரம் அதில் மாற்றம் தேவைப்படவில்லை என்றால் டிரிக்கருக்கு வரலாம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் டிரிக்கர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. குழலைச் செங்குத்தாக நிறுத்தி, டிரிக்கரில் எடையைத் தொங்கவிட்டு, சமதளத்திலிருந்து மெல்லத் தூக்கிச் சோதிப்பார்கள். 500 கிராமைச் சரியாகத் தொட்டு நிற்கும்படி வைப்பது வீண் ஆபத்து. 510 முதல் 520 கிராம் வரை வைத்துக்கொண்டால், பயணத்திலும் வெப்பநிலை மாற்றத்திலும் சிறிது நகர்ந்தாலும் தப்பலாம். அந்தப் பத்துக் கிராம் வேறுபாட்டை விரல் உணராது.

முதலில் டிரிக்கர் தகட்டின் இடத்தை முன்பின்னாக நகர்த்தி, விரல் வளையாமல் நேர்பின்னாக இழுக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து இரு கட்டங்களையும் சரிசெய்வது. முதல் கட்டத்தில் டிரிக்கர் சுமையோடு நகர்ந்து வந்து ஓரிடத்தில் தடைபட்டு நிற்கும். அந்தத் தடையை மீறும்போது குண்டு புறப்படும். முதல் கட்டத்தில் 320 முதல் 350 கிராம், மீதி இரண்டாம் கட்டத்தில் என்று வைத்துத் தொடங்கினால் புதியவருக்குத் தடை தெளிவாகத் தெரியும். இரண்டாம் கட்டத்தை மிக மெல்லியதாக்குவது அனுபவசாலிகளுக்கு உதவலாம். தடையே தெரியாத விரலுக்கு அது கை நிலைக்கு வரும் முன்பே குண்டைப் பறக்க விட்டுவிடும்.

குண்டு புறப்பட்ட பிறகு டிரிக்கர் எவ்வளவு தூரம் மேலும் பின்னால் போகும் என்பதைத் தீர்மானிக்க ஒரு நிறுத்தத் திருகாணி இருக்கிறது. அதிக தூரம் விட்டால் விரல் திடீரெனப் பின்னால் விழுந்து குழலை உலுக்கும். மிகக் குறைத்தால் சில சமயம் துப்பாக்கி சுடாமலே நின்றுவிடும். சுடாமல் நிற்கும் இடம்வரை மெதுவாகத் திருகிவிட்டு, அங்கிருந்து அரைச் சுற்று பின்வாங்கி வைப்பது பாதுகாப்பானது. இந்த எல்லாச் சோதனைகளையும் பெல்லட் இல்லாமல், டிரிக்கர் மட்டும் இயங்கும் உலர் பயிற்சி நிலையில் செய்யலாம். போட்டித் துப்பாக்கிகளில் அந்த வசதி இருக்கிறது. உள்ளே இருக்கும் கொக்கியை அரத்தால் தேய்த்து மென்மையாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேய்ந்த கொக்கி, தொடாமலே சுடும் துப்பாக்கியை உண்டாக்கும். வெளியே தெரியும் திருகாணிகளால் தீராத குறையை, பயிற்சி பெற்ற பழுதுநீக்குநரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

சைட்

திறந்த சைட் மட்டுமே இங்கே அனுமதி. தொலைநோக்கி, கண்ணாடி வில்லை, லேசர் எதையும் துப்பாக்கியில் பொருத்தக் கூடாது. கண்ணுக்கு வேண்டிய திருத்தக் கண்ணாடியைச் சுடுபவர் தம் முகத்தில் அணிந்துகொள்ளலாம். முன் சைட் கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கும், அது கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று சொல்லிக் கண் மருத்துவரிடம் கண்ணாடி எழுதி வாங்குவது, புதிய சைட் வாங்குவதைவிடப் பயன் தரும் செலவு.

முன் சைட்டின் மேல் இவ்வளவு கவனம் ஏன் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இரு சைட்டுகளுக்கும் இடையே 320 மில்லிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டருக்கு அப்பால் குண்டு 31 மில்லிமீட்டர் விலகும். மையத்தில் விழுந்து 10 புள்ளி தர வேண்டிய குண்டு 7 புள்ளி வளையத்தில் விழும். சைட் இரண்டும் நேராக இருந்து, கை முழுவதும் சேர்ந்து 5 மில்லிமீட்டர் ஆடினால், குண்டும் 5 மில்லிமீட்டர்தான் விலகும், 11.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள 10 வளையத்தை அது அப்போதும் தொட்டுவிடும்.

முன் சைட் தகடுகள் பெரும்பாலும் 4 முதல் 5 மில்லிமீட்டர் அகலத்தில் கிடைக்கின்றன. 4.5-இல் தொடங்கி, பின் சைட்டின் பள்ளத்தை, இருபுறமும் வெளிச்சக் கோடு தாராளமாகத் தெரியும் அளவுக்கு அகலப்படுத்துங்கள். குறுகிய வெளிச்சம் அதிகத் துல்லியம் தரும் என்று தோன்றும். நடைமுறையில் கண் சோர்ந்து, இரு பக்கமும் சமமா என்று தேடித் தேடிக் குண்டைத் தாமதப்படுத்துவதே நடக்கும். தகட்டின் விளிம்பு தேய்ந்து பளபளத்தால் விளக்கொளியில் அதன் உருவம் ஒரு பக்கம் பெருத்துத் தெரியும். தகட்டைக் கழற்றி, துப்பாக்கியும் சிலிண்டரும் இல்லாத வேறிடத்தில், கற்பூரச் சுடரின் புகையில் காட்டினால் ஒளி தெறிக்காத கருமை படியும்.

குறி வைக்கும் இடம் கரும்பகுதியின் நடுவல்ல, அதற்குக் கீழேயுள்ள வெண்மை. 59.5 மில்லிமீட்டர் கரும்வட்டத்துக்கும் முன் சைட்டுக்கும் இடையே வெண்மை தெரியும்படி நிறுத்திப் பத்துக் குண்டுகள் சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவைக் கண்டுபிடித்த பிறகே சைட்டைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் திருப்பினால் முடிவேயில்லை.

எடையும் மற்றவையும்

துப்பாக்கியின் மொத்த எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. பெரும்பாலானவை ஒரு கிலோ அளவில் இருக்கின்றன. குழலுக்கடியில் 10, 15 கிராம் எடைகளைச் சேர்த்தால் நுனியின் ஆட்டம் மெதுவாகும். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை கூடும். 60 குண்டுகளையும் சுட்டு முடித்த பிறகும் கை நடுங்காதவர்களுக்கே இது தேவை. சிறுவர்களும் மெலிந்த தோளுடையவர்களும் எடையைக் கழற்றிவிட்டுத் தொடங்குவதே நல்லது. பெல்லட்டில், தட்டைத் தலையுள்ள போட்டி வகையில் இரண்டு மூன்று தயாரிப்புகளைச் சோதித்து ஒன்றில் நிலைத்துவிட்டால் போதும். ஈயம் என்பதால் பயிற்சி முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

மாற்றுப் பொருட்களில் தவிர்க்கக் கூடாதவை பழுதானால் போட்டியையே நிறுத்திவிடக்கூடிய சிறிய பாகங்கள்தாம்: ரப்பர் வளையங்கள், உபரித் திருகாணிகள், அறுகோணச் சாவிகள், மின் டிரிக்கர் உள்ள துப்பாக்கி என்றால் புதிய பேட்டரி. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாகி, அவர் பல நிமிடங்களை இழந்தார். 575 புள்ளிகளோடு இறுதிச் சுற்று வாய்ப்பும் போயிற்று. அதே வீராங்கனை 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். மேல்நிலைக்குச் செல்பவர்கள் இரண்டாவது துப்பாக்கியையும், அதே பிடி வடிவம், அதே டிரிக்கர் அமைப்போடு தயாராக வைத்திருக்க வேண்டும்.

போட்டிக்குப் போகும் முன்

420 மில்லிமீட்டர் நீளம், 200 மில்லிமீட்டர் உயரம், 50 மில்லிமீட்டர் அகலமுள்ள பெட்டிக்குள் துப்பாக்கி அடங்க வேண்டும். அட்டையில் இதே அளவுக்குப் பெட்டி செய்து வீட்டிலேயே வைத்துப் பாருங்கள். தாங்குதட்டை வெளியே தள்ளியிருந்தால் 50 மில்லிமீட்டர் அகலத்தில்தான் இடிக்கும். சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள். உற்பத்தியாளர்கள் தரும் 10 ஆண்டுக் காலம் முடிந்திருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. விமானத்தில் செல்வதாக இருந்தால் சிலிண்டரில் காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டே எடுத்துச் செல்ல வேண்டும். துப்பாக்கி பிடிக்கும் கையில் கைக்கடிகாரமோ கயிறோ பட்டையோ இருக்கக் கூடாது. கோயில் கயிறு கட்டியிருப்பவர்கள் இதை முன்கூட்டியே நினைவில் கொள்ள வேண்டும்.

டிரிக்கர் எடையை அன்று காலையில் மீண்டும் ஒரு முறை தொங்கவிட்டுப் பார்த்த பிறகு உபகரணச் சோதனைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே ஒப்புதல் கிடைத்த பின் எந்தத் திருத்தமும் விதிகளை மீறும்படி செய்யக் கூடாது. சுட்டு முடித்தவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் அழைத்து மீண்டும் சோதிப்பார்கள். அப்போது டிரிக்கர் 500 கிராமைத் தூக்கவில்லை என்றால் எடுத்த புள்ளிகள் அனைத்தும் தகுதி நீக்கத்தில் போய்விடும்.